சகாயராணியின் வலது முட்டி

சகாயராணிக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். எழுந்து போய்விடுவாள். மகளிடம் இருக்கிற பெரிய கெட்ட பழக்கம் இதுதான் என்று அவள் அம்மா அன்னம்மாள் ஆம்பூர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். ஏழாம் வகுப்பு படிக்கும்போது செருப்பு போடாமல் பள்ளிக்கூடம் போனதற்கு டீச்சர் ராணியை வெயிலில் முட்டி போடச் சொன்னார். ஊரைச் சுற்றி நாலா பக்கமும் ஷூ கம்பெனி. எந்தெந்த தேசத்துக்காரர்களோ மாட்டிக்கொண்டு நடக்கிற ஷூவையெல்லாம் இங்கேதான் தைத்து அனுப்புகிறார்கள். அந்த ஊரில், தோல் பதனிடும் ஷெட்டில் வேலை செய்கிறவளின் மகள் காலில் செருப்பு இல்லையென்று முட்டி போட வேண்டுமாம். ராணி இரண்டு நிமிஷம் போட்டாள். பிறகு எழுந்து, வகுப்புக்குள் போய்ப் பையை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்துவிட்டாள். மறுநாள் அன்னம்மாள்தான் போய் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டாள். மகள் கேட்கவில்லை.

பத்தொன்பது வயதில் ராணி ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தாள். அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டு கையும் தோலைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கும். வலது பாதம் பெடலில். ஊசிக்குப் பக்கத்தில் தோலை அழுத்திப் பிடிக்கும் மெஷினின் இரும்புக் காலைத் தூக்குவதற்கு வலது முட்டியால் ஒரு கம்பியை இடிக்க வேண்டும். ஒரு வளைவு திரும்பினால் ஒரு இடி. ஒரு ஷூவில் எத்தனை வளைவு, ஒரு நாளில் எத்தனை ஷூ என்று யாரும் கணக்குப் பார்த்ததில்லை. பதினோரு வருஷத்தில் அந்த லைனில் ராணியைவிட வேகமான கை கிடையாது என்று லைன் சூப்பர்வைசர் ஹயாத் பாஷாவே ஒத்துக்கொள்வார், அவர் அவ்வளவு சுலபமாக எதையும் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. இதற்கு நடுவில் அவளுக்குக் கல்யாணமும் ஆனது. புருஷன் ஜான்சன் லோடு ஆட்டோவில் தோல் ஏற்றி ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன். மூன்றாவது படிக்கும் ஒரு மகள். அன்னம்மாளும் இவர்களோடுதான் இருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி மழையில், கம்பெனி பஸ்ஸிலிருந்து ராணி இறங்கிக்கொண்டிருக்கும்போதே டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான். படியின் இரும்பு விளிம்பில் வலது முட்டி மடேரென்று மோதியது. எலும்பு முறியவில்லை என்று எக்ஸ்ரே சொன்னதும் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதி ஒரு வாரம்கூட நிற்கவில்லை. நடந்துகொண்டிருக்கும்போதே முட்டி மாட்டிக்கொள்ளும். மெஷினில் கம்பியை இடித்தால் கண்ணில் நீர் வரும். எட்டு மாதம் எண்ணெய் தேய்த்தார்கள், கட்டு கட்டினார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வைத்தியரைச் சொன்னார்கள். “ஜவ்வு தேஞ்சிருக்கும்” என்று எல்லோரும் சொன்னார்கள். எந்த ஜவ்வு, எங்கே தேய்ந்தது என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

பதில் வேலூர் ஆஸ்பத்திரியில் கிடைத்தது. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து டாக்டர் விரலால் காட்டினார். எலும்பின் முனையை வழவழப்பாக மூடியிருக்கும் குருத்தெலும்பு, அதில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு இடம் பெயர்ந்துபோயிருக்கிறது. அது தானாக வளராது. முப்பது வயதில் செயற்கை மூட்டு வைப்பதும் சரியில்லை. வேறு ஒரு வழி இருக்கிறது என்று அவர் மெதுவாகச் சொன்னார். ராணியின் முட்டியிலேயே, பாரம் விழாத ஓரத்திலிருந்து அரிசி அளவு துணுக்கு எடுப்பார்கள். அதிலிருக்கும் செல்களை லேபில் சில வாரம் வளர்த்துப் பெருக்குவார்கள். பிறகு இரண்டாவது ஆபரேஷனில் அந்தப் பள்ளத்தில் அதை வைத்து, பசை போன்ற ஒன்றால் நிறுத்திவிடுவார்கள். மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

அன்னம்மாள் உடனே முன்னால் வந்து நின்றாள். “என்னுதுல எடுத்துக்கோங்க டாக்டர். எனக்கு இனிமே இன்னா வேலை? அவ புள்ளக்குட்டிக்காரி.”

“அவங்களோடதுதான் வேணும்மா. அவங்க முட்டிக்கு அவங்க செல்” என்றார் டாக்டர்.

ராணிக்கு அது சட்டென்று பிடிபட்டது. “ஒரே தோல்ல வெட்டினாத்தான் ஷூ ஜோடி சேரும். வேற தோல்ல வெட்டினா கலர் ஒண்ணா இருந்தாலும் பார்ட்டி திருப்பி அனுப்பிடுவான். புரியுது டாக்டர்” என்றாள். டாக்டர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்தால் சொந்தம் மொத்தமும் கூடியிருந்தது. “உன் முட்டிய எடுத்துக்கினு போய் பாட்டில்ல வளப்பாங்களாம், அத நீ நம்புறியா?” என்று ஒரு சித்தப்பா கேட்டார்.

“எட்டு மாசமா நீங்க சொன்ன எண்ணெயெல்லாம் நம்பினேன் இல்ல? இத ஒரு தடவ நம்பிப் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு ராணி எழுந்து போய்விட்டாள். நொண்டிக்கொண்டுதான் போனாள், ஆனாலும் போய்விட்டாள்.

காப்பீட்டுக் காகிதங்களுக்காக ஜான்சன் அலைந்தது தனிக் கதை. முதல் ஆபரேஷன் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. தன் உடம்பின் ஒரு துளி வேறு ஏதோ ஊரில், முன்பின் தெரியாத யாரோ பார்த்துக்கொள்ள, வளர்ந்துகொண்டிருக்கிறது என்ற நினைப்பு ராணிக்கு விசித்திரமாக இருந்தது. ஜான்சனிடம் சொன்னாள். “புள்ளய ஹாஸ்டல்ல உட்ட மாதிரி இருக்குதா?” என்று கேட்டான் அவன். அந்த வருஷம் அவன் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான்.

இரண்டாவது ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு வாரம் வலது காலைத் தரையில் ஊன்றக் கூடாது. கட்டைக் கோலில் தொங்கிக்கொண்டு கக்கூஸுக்குப் போய் வருவதற்குள் அவளுக்கு அழுகை வரும். அழுதாள், ஒளிக்கவில்லை. பிறகு பயிற்சி. தொடைத் தசையை இறுக்கு, விடு, இறுக்கு, விடு. பயிற்சி கொடுத்த பெண் நூறு தடவை சொன்னால் ராணி இருநூறு செய்தாள். “மெஷின் மேல உக்காந்திருக்கேன்னு நெனச்சிக்கறேன், கால் தானா வேல செய்யுது” என்றாள். ஐந்தாம் மாதம் கோல் இல்லாமல் நடந்தாள். எட்டாம் மாதம் கம்பெனிக்குப் போனாள். ஹயாத் பாஷா அவளைப் பசை தடவுகிற மேஜைக்குப் போகச் சொன்னார். அவள் போகவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை நீட்டிவிட்டு, மெக்கானிக்கைக் கூப்பிட்டு, முட்டியால் இடிக்கும் கம்பியைக் கழற்றி இடது காலுக்கு ஒரு பெடலாக மாற்றித் தரச் சொல்லி, அங்கேயே நின்றாள். “இவளோட பெரிய பேஜாரா போச்சு” என்று பாஷா முணுமுணுத்தார். ஆனால் மாற்றித் தரச் சொன்னார்.

காகிதத்தில் டாக்டர் இன்னொன்றும் எழுதியிருந்தார். நடக்கலாம், படி ஏறலாம், மெஷின் ஓட்டலாம். சம்மணம் வேண்டாம், குந்தி உட்கார வேண்டாம். முட்டி போடவே கூடாது. உள்ளே வைத்தது கெட்டிப்பட இன்னும் நாளாகும், அதற்குள் தேய்த்தால் பெயர்ந்துவிடும், இன்னொரு தடவை வளர்த்து வைப்பதற்கு எடுக்க இடம் இருக்காது. இதைத் தமிழிலேயே இரண்டு தடவை சொல்லி, இரண்டு தடவையும் அன்னம்மாளைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆவணி மாதம் ஒரு சாயங்காலம் ராணி வேலையிலிருந்து வந்தபோது கட்டில்மேல் புதுக் காவிப் புடவை ஒன்று இருந்தது.

“யாருக்குமா இது?”

“உனக்குத்தான். எட்டாந்தேதி கெபிக்குக் கட்டிக்கினு வரணும்” என்றாள் அன்னம்மாள். அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

மலையடிவாரத்தில் குகைபோலக் கட்டிய ஆரோக்கிய மாதா கெபி இருக்கிறது. செப்டம்பர் எட்டாம் தேதி திருவிழா. கொடிமரத்திலிருந்து கெபி வரைக்கும் நூற்றைம்பது அடிக்கு மண் பரப்பி ஒரு பாதை போட்டிருப்பார்கள். பொருத்தனை வைத்தவர்கள், அதாவது மாதாவுக்கு நேர்ந்துகொண்டவர்கள், அதில் முட்டியாலேயே நடந்து போவார்கள். முன்பெல்லாம் பாலாற்று மணல், பஞ்சாக இருக்கும். ஆற்றில் அள்ளக் கூடாது என்று ஆனபிறகு எம்-சாண்ட்தான் கொட்டுகிறார்கள். அது கல்லை உடைத்து அரைத்த தூள். போன வருஷம் முட்டியால் நடந்தவர்களுக்கெல்லாம் தோல் உரிந்து, ஒரு வாரம் ஊரே மஞ்சள் பூசிக்கொண்டு திரிந்தது.

“மா, முட்டி போடக் கூடாதுன்னு டாக்டர் உங்கிட்டதானே சொன்னாரு?”

“சொன்னாரு. நான் அதுக்கு முன்னாடியே மாதாகிட்ட சொல்லிட்டேன். உன்ன உள்ள கூட்டிக்கினு போனாங்க பாரு, மொத ஆபரேஷனுக்கு, அப்பவே. எம்பொண்ணு எழுந்து நடந்தா அவளே முட்டியால நடந்து வருவா மாதாவேன்னு.”

“உன் முட்டியால வர்றேன்னு சொல்றதுதானே?”

“கண்ணு சரியானா வெள்ளிக் கண்ணு போடறாங்க. காது சரியானா காது. எது சரியாச்சோ அதாலதானடி நன்றி சொல்லணும்?”

இப்படி ஒரு அறிவாளித்தனத்தை எங்கே போய்ச் சொல்லி அழுவது? ஒரு வருஷம் வலித்து, அறுத்து, வளர்த்து, ஒட்டி, ஆறு வாரம் கோலில் தொங்கி, சல்லி சல்லியாகச் சேர்த்த முட்டியை, அது சரியானதற்கு நன்றியாக, அரைத்த கல்லில் தேய்க்க வேண்டுமாம். வெள்ளியில் ஒரு காலே செய்து போடுகிறேன் என்று ராணி கெஞ்சினாள். அன்னம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. “நான் வெள்ளின்னு சொல்லல. முட்டின்னு சொன்னேன்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ராணி ஃபாதரிடம் போய்ச் சொன்னாள். “நான் அம்மாகிட்ட பேசறேன். மெழுகுவத்தி ஏத்துங்க, நாலு பேருக்குச் சாப்பாடு போடுங்க, அது போதும்” என்றார் அவர். பேசவும் பேசினார். அன்னம்மாள் பவ்யமாகக் கேட்டுக்கொண்டு வந்து, வீட்டு வாசலில் சொன்னாள்: “நான் ஃபாதர்கிட்டயா சொன்னேன்? மாதாகிட்ட சொன்னேன்.”

பக்கத்து மெஷின் ஹலீமா பீ கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “எங்க மாமியாருக்கு ரெண்டு முட்டியும் போச்சு. அஞ்சு வேளையும் நாற்காலில உக்காந்துதான் தொழுவுறாங்க. முடியாதவங்களுக்கு அது செல்லும். உங்க மாதாவுக்கு மட்டும் தெரியாதா? நீ உங்கம்மாவக் கூட்டிக்கினு வா, நான் சொல்றேன்.” ராணி கூட்டிக்கொண்டு போகவில்லை. போயிருந்தால் இரண்டு பேரும் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

தெருவில் பேச்சு ஆரம்பித்தது. குணமானதும் திமிர் வந்துவிட்டது என்றார்கள். மாதாவை ஏமாற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார்கள். திருவிழாவுக்குக் கொடியேறிய மறுநாள் ராணியின் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. அன்னம்மாள் மகளை ஒரு பார்வை பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு ராணி பயந்தாள். அவளும் மாதாவை நம்புகிறவள். ஆபரேஷன் மேஜையில் மயக்க ஊசி ஏறும்போது அவள் வாயில் இருந்ததும் ‘அருள் நிறைந்த மரியாயே’ ஜெபம்தான். கதவைச் சாத்திக்கொண்டு, கட்டிலின் மெத்தைமேல் இடது முட்டியை வைத்தாள். வலதையும் வைக்கப் போனாள். நூற்றைம்பது அடி, எத்தனை பேர் போகிறார்கள், ஒரே ஒரு தடவைதானே என்று தோன்றியது. பிறகு, இதற்காகவா ஒரு வருஷம் அழுதோம் என்று அவளுக்கே அவள்மேல் ஆத்திரம் வந்தது. இறங்கி நின்றாள். மூன்றாம் நாள் குழந்தைக்குக் காய்ச்சல் விட்டது, தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு விட்டதுபோல.

“நான் வர மாட்டேன்” என்று அம்மாவிடம் சொன்னாள்.

“நான் பெத்த முட்டிதானடி அது?”

“பெத்தது நீதான். துணுக்கு எடுக்கும்போது உன்னுது ஆகாதுன்னு சொன்னாங்க இல்ல? உன் செல்லே எனக்கு ஆகல, நீ சொன்ன பொருத்தன மட்டும் எப்படிமா எனக்கு ஆவும்?”

அன்னம்மாளுக்குப் பிடிவாதம் இன்னும் ஏறியது. “சரி. நீ வராட்டி நான் போறேன். வாக்குக் குடுத்தவ நான்” என்றாள். அறுபத்து மூன்று வயது. முப்பது வருஷம் ஷெட்டில் ஈரத் தோலைத் தூக்கித் தூக்கி இரண்டு முட்டியும் வீங்கி, பைபோலத் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் அவற்றை ஒரு டாக்டரிடமும் காட்டியதில்லை. அவள் போய்ச் சேர மாட்டாள் என்று ராணிக்குத் தெரியும். அன்னம்மாளுக்கும் தெரியும். மகள் மனம் மாறுவாள் என்றுதான் சொன்னாளோ என்னவோ.

எட்டாம் தேதி காலை கெபியில் நிற்க இடமில்லை. மகளுக்கு வாங்கிய காவிப் புடவையை அன்னம்மாளே கட்டிக்கொண்டு வந்து, கொடிமரத்தைப் பிடித்து, ஒவ்வொரு முட்டியாக மண்ணில் இறக்கினாள். இறக்குவதற்கே இரண்டு நிமிஷம் ஆனது. ராணி பச்சைப் புடவையில், செருப்பைக் கழற்றி ஜான்சனிடம் கொடுத்துவிட்டு, பாதைக்குள் கால் வைத்தாள். முட்டி போடவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில், நிமிர்ந்து, அவள் வேகத்துக்கு நடக்க ஆரம்பித்தாள். நூற்றைம்பது அடிக்கு முன்னும் பின்னும் எல்லோரும் இடுப்பு உயரத்தில் இருக்க, அவள் ஒருத்திதான் நின்ற உயரத்தில் இருந்தாள். வெட்கமாக இருந்தது. கண்கள் அத்தனையும் தன் முதுகில் இருப்பது தெரிந்தது. இருந்தாலும் நடந்தாள்.

பேட்ஜ் குத்திய தொண்டர் ஒருவர் பாதையோரம் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். “எம்மா, இது முட்டியால போற வழி. நடக்கறவங்க அப்பிடிக்கா போங்க.”

“எனக்கும் பொருத்தன இருக்குதுண்ணா.”

“அப்ப முட்டி போடு.”

“மாட்டேன்.”

“இன்னாம்மா பேசற? பொருத்தன இருக்குதுன்ற, முட்டி போட மாட்டேன்ற?”

“பொருத்தன வெச்சது எங்கம்மா. முட்டி என்னுது. அத நான் நடக்கறதுக்குத்தான் வாங்கினேன்” என்றாள் ராணி. கூட்டத்துக்கும் கேட்டது. யாரோ “ச்சே, இன்னா பொம்பள” என்றார்கள். யாரோ சிரித்தார்கள். தொண்டர் கயிற்றைத் தாண்டி உள்ளே வர ஒரு காலைத் தூக்கினார். ஜான்சன் இரண்டு செருப்பையும் கையில் பிடித்தபடி அவர் முன்னால் போய் நின்றான். நகராமல் நின்றான். தொண்டர் காலை இறக்கிக்கொண்டார்.

நாற்பது அடி போவதற்குள் அன்னம்மாளின் காவிப் புடவையில் முட்டி இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் கருஞ்சிவப்பாக நனைந்திருந்தது. ஐம்பதாவது அடியில் நின்றுவிட்டாள். கையை ஊன்றினாள். முன்னால் போக முடியவில்லை, பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

“எழுந்திரு மா.”

“பாதியில எழுந்தா பாவம்டி.”

“அந்தப் பாவம் எனக்கு வரட்டும். எழுந்திரு.”

“நீ போ. நான் வர்றேன்.”

ராணியால் குனிந்து தூக்க முடியாது. பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி கால்களை அகட்டி ஊன்றி, தொடையை இறுக்கி, இரண்டு கையையும் நீட்டினாள். அன்னம்மாள் அந்தக் கைகளையும், கைகளுக்குக் கீழே புடவை மறைத்திருந்த வலது காலையும் பார்த்தாள். “வலிக்கும்டி உனக்கு” என்றாள்.

“புடி.”

அன்னம்மாள் பிடித்தாள். அவள் பாரம் முழுவதும் ஒரு இழுப்பில் வந்து ராணியின் மேல் இறங்கியது. வலது முட்டிக்குள் அந்தப் பாரம் போய் உட்கார்ந்ததை ராணி துல்லியமாக உணர்ந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். மாட்டிக்கொள்ளும், கிழியும், சத்தம் கேட்கும் என்று காத்திருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. முட்டி தாங்கியது. அன்னம்மாள் எழுந்து நின்றாள்.

மீதி நூறு அடியை இரண்டு பேரும் கைகோத்து நடந்தார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று காதில் விழவில்லை. கெபிக்கு முன்னால் வந்ததும் பழக்கத்தில் அன்னம்மாளின் கால் மடங்கியது. ராணி கையை விடவில்லை. அன்னம்மாள் மகளை ஒரு தடவை பார்த்தாள். பிறகு நின்றபடியே, சந்தையில் பேசுகிற குரலில், பின்னால் முட்டியில் வந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி மாதாவிடம் சொன்னாள்:

“கேட்டவ நான். வாக்குக் குடுத்தவ நான். இவ முட்டிய நான் குடுத்தது தப்பு, அது எனக்குச் சொந்தம் கெடையாது. நடக்கணும்னு கேட்டேன், இதோ நடந்து வந்துட்டா, பாத்துக்க. கோவம் இருந்தா எங்கிட்ட காட்டு. இவகிட்ட வராத.”